காணாமல் போன ஐந்தரை சென்டிமீட்டர்!

1

"வீ...ல்!"

அந்த அலறலில், திருமுல்லைவாயில் அங்கன்வாடி மையத்தின் கூரை மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் விருட்டெனப் பறந்தன.

அலறியது நிஷா. வயது இரண்டு வருடம், நான்கு மாதம்.

உயரம் அளக்கும் பலகையில் முதுகை ஒட்டி நிற்க வைத்ததற்குத்தான் அத்தனை அலறல்!

"தலைய நேரா புடி தாயம்மா... காலு ரெண்டையும் சேத்து வை!" என்றாள் மைதிலி டீச்சர்.

உதவியாளர் தாயம்மாள் குழந்தையின் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். மொட்டைத் தலையில் பூசியிருந்த சந்தனம் அவள் ஜாக்கெட்டில் ஈஷியது.

"இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தற? ஊசியா போடறாங்கோ உனக்கு?"

மைதிலி அளவைப் படித்தாள். 79.1.

செல்போனை எடுத்து ஆப்பில் தட்டினாள். மையத்திலுள்ள ஒவ்வொரு குழந்தையின் எடையும் உயரமும் மாதா மாதம் அந்த ஆப்பில் ஏற வேண்டும். ஏறியதும் டெல்லி வரைக்கும் தெரியும். பச்சை என்றால் ஆரோக்கியம். மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால்... ஆபத்து!

இன்றைக்கு நிறத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது.

'போன மாத உயரம் 84.6. இந்த மாத உயரம் குறைவாக உள்ளது. சரிபார்க்கவும்.'

மைதிலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி அளந்தாள்.

79.1.

மூன்றாவது முறையும் அதே 79.1!

"காவ்யா... இங்க வா."

நிஷாவின் அம்மா காவ்யா வாசல் கதவை ஒட்டி நின்றிருந்தாள். இருபத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போய் ஒன்றரை வருடம்.

"இன்னா டீச்சர்?"

"எடை ஏழு கிலோ நானூறு காட்டுது. போன மாசம் பத்தேகால்!"

"காய்ச்சல் டீச்சர். வாந்தி, பேதி. அதான் எளச்சிட்டா. பெரியபாளையத்து அம்மனுக்கு நேந்துகினு மொட்ட கூட போட்டேன்."

"சரி, எடை குறையும். உயரம் எப்படிம்மா குறையும்?"

 

அடுத்த நொடி... காவ்யா குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தாள்!

"காவ்யா! ஏய், நில்லு!"

நிற்கவில்லை. சத்துமாவு பாக்கெட்டைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

தாயம்மாள் மெதுவாக மைதிலியின் காதருகே வந்தாள்.

"டீச்சர்... நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

"சொல்லு."

"போன மாசம் வந்த புள்ள என் கையில இருந்த முட்டைய புடுங்கி துண்ணுச்சு. இது முட்டையத் திரும்பிக்கூட பாக்கல. மூஞ்சியும் ஒரு தினுசா கீது. இது... அந்தப் புள்ள இல்ல டீச்சர்!"



2

சூப்பர்வைசர் மோகனப்பிரியா போனில் கொட்டாவி விட்டாள்.

"இதுக்கா போன் பண்ணே? 84.9-னு போட்டு அனுப்பு மைதிலி. சாயங்காலம் ரிப்போர்ட் மூடணும்."

"மேடம், கொழந்தையே வேறயோன்னு சந்தேகமா இருக்கு!"

"ரெண்டு வயசு வரைக்கும் படுக்க வச்சு அளப்பே. அப்புறம் நிக்க வச்சு. முக்கால் சென்டிமீட்டர் வித்தியாசம் வரத்தான் செய்யும்."

"வந்திருக்கறது அஞ்சரை, மேடம்!"

"அப்போ போன மாசம் நீ தப்பா அளந்திருக்கே. அப்படின்னு எழுதிக் குடுக்கறியா? மெமோ உனக்குத்தான் வரும்."

லைன் துண்டிக்கப்பட்டது.

பதினாறு வருட சர்வீஸில், மேடம் சொன்ன எண்ணை மைதிலி அப்படியே போட்ட நாட்கள் உண்டு. இன்றைக்கு விரல் போகவில்லை. 84.6 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் குழந்தை ஒரே மாதத்தில் காற்றில் கரைந்துவிட்டது. அவள் எங்கே? உயிரோடு... இருக்கிறாளா?

நேராக போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் உலகநாதன் டீயை உறிஞ்சியபடி முழுவதும் கேட்டார்.

"ஆக, காணாமப் போனது அஞ்சரை சென்டிமீட்டர். திருடு போச்சுன்னு எழுதவா, தொலைஞ்சு போச்சுன்னு எழுதவா?"

"சார்... நீங்க போலீஸ்ல சேர்றப்போ உயரம் அளந்தாங்களா?"

"அளக்காம? நூத்தி எழுபத்திரண்டு!"

"இப்ப நிக்க வச்சு அளந்தா நூத்தி அறுபத்தாறு வருமா? வந்தா, நிக்கறது நீங்கதான்னு யாராவது ஒத்துக்குவாங்களா?"

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

உலகநாதன் தொப்பியை எடுத்தார்.

3

ரயில்வே லைனுக்குப் பின்னால், ஐந்து வீடுகள் ஒட்டிய லைன் வீடு. மூன்றாவது காவ்யாவுடையது. நான்காவதில் பூட்டு.

வாசலில் தண்ணீர்த் தொட்டி... அதன் மூடியைச் சுற்றி ஈரம் காயாத புது சிமென்ட்!

உலகநாதன் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் கடப்பாரையைத் தேடினார்.

லைன் வீட்டு ஜனம் மொத்தமும் கூடிவிட்டது. மைதிலி கண்களை இறுக மூடிக்கொண்டாள். போன மாதம் அவள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிய அந்த முகம்...

'ணங்! ணங்!'

மூடி பெயர்ந்தது. டார்ச் வெளிச்சம் உள்ளே இறங்கியது.

"சார்..."

"என்னய்யா?"

"தண்ணி சார். ஒரு பிளாஸ்டிக் மக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"ஹவுஸ் ஓனரு நேத்துதான் சார் பூசினாரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "ஒடைச்சிட்டீங்களே!"

உலகநாதன் கோபத்தையெல்லாம், குழந்தையோடு வாசலில் நின்ற காவ்யாவின் பக்கம் திருப்பினார்.

"நெஜ நிஷா எங்கம்மா? வித்துட்டியா?"

"ஐயோ! இதான் சார் நெஜ நிஷா! நான் பெத்த புள்ள சார் இது!"

ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்தாள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோ. அதில், இடது காதுக்குக் கீழே மிளகு அளவு மச்சம்.

மைதிலி குழந்தையின் காதைத் திருப்பிப் பார்த்தாள்.

மச்சம் இருந்தது!

"அப்படின்னா... போன மாசம் வந்தது யாரு?"

 காவ்யாவின் பார்வை ஒரு கணம் பூட்டிய நான்காவது வீட்டைத் தொட்டுத் திரும்பியது. அந்த ஒரு கணம் உலகநாதனுக்குப் போதும்.

"பக்கத்து ஊட்டுல யாரு இருந்தா?"

"சபீனாக்கா சார். புருஷனுக்குப் பூந்தமல்லி ஒர்க் ஷாப்புல வேல கெடச்சிது. போன வாரம் காலி பண்ணிகினு பூட்டாங்க," என்றாள் காவ்யா.

"அவங்களுக்குக் கொழந்த?"

"ஒரு பொண்ணு..."

4

பூந்தமல்லியில், மெட்ரோ தூணுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஜீப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூம். கதவைத் திறந்தது சபீனா. அவள் இடுப்பை இடித்துக்கொண்டு கொழுகொழுவென்று எட்டிப் பார்த்தது ஒரு முகம்.

மைதிலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கையோடு கொண்டு வந்திருந்த டேப்பைச் சுவரில் ஒட்டினாள். குழந்தையை நிற்க வைத்தாள்.

85.1!

சரியாக அரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள்.

"உசுரோட இருக்கா சார்... யாரும் சாகல!"

உலகநாதன் சபீனாவைப் பார்த்தார். "மாசா மாசம் உன் புள்ளய நிஷான்னு சொல்லி அனுப்பினது நீதானா?"

"ஆமா சார்." சபீனா முந்தானையைக் கசக்கினாள். "என் பொண்ணு பேரு அங்க பதியல சார். காவ்யா கெஞ்சுச்சு. ஒரு மணி நேரம் தூக்கினு போய் தூக்கினு வரேன்னுச்சு. சும்மா வாணாம்க்கான்னு அந்த சத்துமாவு பாக்கெட்ட என் பொண்ணுக்கே குடுத்துடும்."



வற்றிப்போன குழந்தையின் பெயரில் வந்த மாவு... வளர்ந்த குழந்தையின் வயிற்றில்!

"எதுக்காம்?" என்றார் உலகநாதன். "ஏன் தன் புள்ளைய காட்டலையாம்?"

"அத அது கிட்டயே கேளுங்கோ சார்."

அப்போதுதான் உலகநாதனின் செல் அலறியது. லைன் வீட்டில் விட்டு வந்த கான்ஸ்டபிள்.

"சார்! அந்தக் கொழந்த அழுது அழுது திடீர்னு ஒடம்பெல்லாம் நீலமாயிடுச்சு சார்! ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம்!"

5

குழந்தைகள் வார்டு. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் நிஷாவின் முகம் பாதி மறைந்திருந்தது.

டாக்டர் ஜெயப்பிரியா ஸ்கேன் ரிப்போர்ட்டை மடக்கினார்.

"இதயத்துல ஓட்டை. பொறந்ததுலேர்ந்தே இருந்திருக்கு. அதான் எடையும் ஏறல, உயரமும் ஏறல."

"ஆபரேஷன் பண்ணிடலாமே டாக்டர்? அரசாங்கமே இலவசமா..." மைதிலி படபடத்தாள்.

"ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா கண்ண மூடிட்டு பண்ணியிருப்பேன். இப்ப நுரையீரல்ல பிரஷர் ஏறிடுச்சு. ஆபரேஷன் பண்ணலாமா கூடாதாங்கறதே இனிமேதான் பாக்கணும். வாக்குக் குடுக்க முடியாது." டாக்டர் நிமிர்ந்தார். "உங்க மையத்துக்கு வேன்ல டாக்டர்ங்க வந்து எல்லாக் கொழந்தையையும் செக் பண்ணுவாங்களே... அவங்க கூடவா கண்டுபிடிக்கல?"

வந்தார்கள். ஜூன் மாதம் வந்தார்கள். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, 'இதயம் நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வைத்தது... சபீனா மகளின் நெஞ்சில்!

 மாஸ்க்குக்குக் கீழே அந்தச் சின்ன நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. தராசும் பலகையும் டேப்பும் செல்போனும் இருந்தும், மைதிலியால் செய்யக்கூடியது ஒன்றுகூட இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய ஆப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார் உலகநாதன்.

"டீச்சர், இதப் பாருங்க. போன வருஷம் ஆகஸ்ட்ல நிஷா சிவப்பு. செப்டம்பர்ல பச்சை. ஒரே மாசத்துல நாலு சென்டிமீட்டர் வளந்திருக்கா."

மைதிலி குனிந்து திரையைப் பார்த்தாள்.

"புள்ள குறைஞ்சப்போ ஸ்டேஷனுக்கு ஓடி வந்தீங்க. ஒரே மாசத்துல நாலு சென்டிமீட்டர் வளந்தப்போ ஏன் வரல?"

 

அன்றைக்கு மைதிலி சந்தோஷப்பட்டாள். மீட்டிங்கில் மோகனப்பிரியா மேடம் கைதட்டச் சொன்னதும் எழுந்து நின்று கும்பிட்டாள்!

உலகநாதன் காவ்யாவிடம் வந்தார். குரல் இப்போது தணிந்திருந்தது.

"சொல்லும்மா. இப்படி ஆள் மாத்தச் சொல்லி யார் உனக்கு ஐடியா குடுத்தா?"

காவ்யா தரையைப் பார்த்தபடியே கையை நீட்டினாள்.

விரல் நேராக மைதிலியிடம் வந்து நின்றது!

"நானா...?"

"நீங்கதான் டீச்சர்." அவள் குரலில் கோபமே இல்லை. "போன வருசம் ஆகஸ்டு. நிஷாவ தராசுல வச்சதும் செவப்பு வந்துச்சு. 'மூணாவது செவப்பு, எனக்கு மெமோ வரப் போவுது'ன்னு தலையில அடிச்சிகினீங்க. பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரில சேத்து கூடவே தங்கணும்னீங்க. மூணு நாள் வரலன்னாலே கம்பெனில வேற ஆள போட்டுடுவான் டீச்சர்னு அழுதேன். அப்ப நீங்க சொன்னீங்க... 'அப்படின்னா அடுத்த மாசம் பக்கத்து ஊட்டுல கொழுகொழுன்னு எதுனா புள்ள இருந்தா தூக்கினு வா, அத்த அளந்து போட்டுக்கறேன்'னு."

"காவ்யா... அது..."

"அங்க இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. நான் அடுத்த மாசம் சபீனாக்கா பொண்ண தூக்கினு வந்தேன். நீங்க ஒண்ணும் கேக்கல. அளந்து போட்டுகினீங்க. தெரிஞ்சுதான் செய்யறீங்கன்னு நெனச்சேன். அக்கா காலி பண்ணிகினு பூட்டாங்க... வேற வழியில்லாம நிஷாவயே தூக்கினு வந்தேன்."

மைதிலிக்கு நினைவில்லை. எத்தனை யோசித்தும் அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள். மாதக் கடைசி... கரண்ட் இல்லாத ஹால்... நாற்பது குழந்தைகள்... நிச்சயமாகச் சொல்லியிருப்பாள்!

அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சும்மா... வெளையாட்டுக்குச் சொன்னது சார்."

"தெரியுது."

"புகார் குடுத்ததும் நான். குத்தவாளியும் நான். என்னை அரெஸ்ட் பண்ணுங்க சார்!"

உலகநாதன் சின்ன நோட்டை மூடி, பேனாவைச் சட்டைப்பையில் குத்தினார். வார்டு கண்ணாடி வழியாக ஒருமுறை உள்ளே பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"வாங்க வாங்கன்னு கூட்டிட்டுப் போக எனக்கும் ஆசைதான் டீச்சர். என்ன பண்றது? ஜோக் அடிச்சதுக்குப் பழைய சட்டத்துலயும் செக்‌ஷன் இல்ல... ராத்திரி பகலா உக்காந்து புதுசா எழுதினாங்களே, அதுலயும் விட்டுட்டாங்க!"