துளியின் வால்

சேலையில் ஒரு பொட்டு நீலம்கூட இல்லை.

ரசலையன் மரம் கடைகிற லேத்தை நிறுத்திவிட்டுத் துணியை ஒட்டி நின்று பார்த்தார். கறுப்புப் பூசிய அயனிமரக் கிண்ணத்தைச் சுற்றவிட்டு, நடுவில் நீலத்தை ஊற்றி வேகத்தைக் கூட்டினால், சாயம் சிலந்தி வலைபோல விளிம்புக்கு ஓடும். மிஞ்சியது தெறித்துப் போகும். ஷெட்டுச் சுவர் நாசமாகக் கூடாதென்று லேத்தைச் சுற்றி மனைவி நேசம்மாளின் பழைய சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார். படுக்கையில் விழுந்தபிறகு அவளுக்கு நைட்டிதான், சேலை எதற்கு? போன வாரத்துச் சிவப்பும் வெள்ளையும் அவற்றில் காய்ந்து கிடந்தன. இன்றைய நீலம் மட்டும் இல்லை. கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தன் சட்டையை இழுத்துப் பார்த்தார். எங்கேயும் இல்லை.

"மாமா, இஞ்ச வாரும்!" வீட்டுக்குள்ளிருந்து பிந்து கூப்பிட்டாள். பகலில் நேசம்மாளைப் பார்த்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டுப் பெண். "மாமிக்க தலையணையில என்னது, நீலமாட்டு?"

ஷெட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு முற்றமும் அடுக்களையும் இருக்கின்றன. ரசலையன் நீலத்தை விரலால் தொட்டார். ஈரம்.

"பெயிண்ட எடுத்தியா நீ?"

"எனக்கெதுக்கு உம்ம பெயிண்டு? கண்ணுக்கு மை எழுதவா?"

"கைய நீட்டு."

நீட்டினாள். நகம் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. "கழுவியிருப்ப," என்றார்.

நேசம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பக்கவாதம் பேச்சையும் உடம்பையும் எடுத்துக்கொண்டு கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தது. மகன் ஜிபின் மஸ்கட்டிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அம்மையை முதியோர் ஹோமில் சேர்க்கச் சொன்னான். கூலிக்குப் பார்க்கிறவன் கையில் கொடுத்தால் இவள் ஒரு மழைக்காலம் தாங்கமாட்டாள். தன் கையில் இருக்கிறவரைக்கும் மூச்சு இருக்கும். அது போதும். அதற்குமேல் ஆசைப்பட அவருக்குள் எதுவும் மிச்சமில்லை. அழுகைகூட நின்று வெகுநாளாகிறது. காலையில் கஞ்சி, பிறகு கடைசல், பிறகு கஞ்சி.

மறுநாள் மஞ்சள் ஊற்றினார். சேலை சுத்தம். அறைக்குப் போனால் பிந்து விரிப்பை உருவி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"தொடைக்கத் தொடைக்க வருது மாமா. மாமிக்க கண்ணைப் பாத்தீரா? நீரு கடையும்போ நிக்காம கறங்குது. வட்டம் வட்டமாட்டு."

"மருந்து மயக்கம்."

"நேத்தும் அப்படித்தான். லேத்து நின்னதும் கண்ணும் நின்னுது."

யாரோ காசு கொடுத்து இவளைப் பேசவைக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அம்மையை ஹோமுக்குக் கொண்டுபோக மகனே செய்கிற வேலையாகவும் இருக்கலாம். "சாவியத் தந்துட்டுப் போ," என்றார்.

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். "நான் போறேன். மாமிய ஒத்தையில விட்டுட்டுக் கடையாதேயும்."

"எனக்கு நீ படிச்சுத் தராண்டாம்."

அன்று சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து கடலிரைச்சல் காற்றோடு ஏறி வந்து ஓட்டின்மேல் விழுந்தது. முன்கதவையும் வெளிகேட்டையும் பூட்டினார். இனி உள்ளே வர ஆளில்லை. இப்போது பார்ப்போம். ஷெட்டுக்குப் போய்ப் புதுக் கிண்ணத்தை மாட்டி, நடுவில் பச்சையைத் தாராளமாக ஊற்றி, வேகத்தைக் கடைசிவரை திருப்பினார். லேத்து ஊளையிட்டது. பச்சை விளிம்பேறித் தாவியது. தாவுவது கண்ணுக்கே தெரிந்தது. சேலையில் எதுவும் படவில்லை.

கரண்டு போயிற்று.

லேத்து முனகி, முனகி, நின்றது. ரசலையன் டார்ச்சை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டினார். அடுக்களைக் கதவைத் தனக்குப் பின்னால் பூட்டினார், பழக்கம். அறைக்கு வருமுன்னே பெயிண்டு வாசம் வந்துவிட்டது.

சுவர் நாலும் பச்சை. பைபிள் வசனக் காலண்டரில் பச்சை, ஜன்னல் கம்பியில் பச்சை. விரிப்பில் பொட்டுப் பொட்டாக, ஈரமாக. டார்ச்சை ஒரு துளிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

தெறிக்கிற துளிக்கு வால் உண்டு. வால் அது போகிற திசையைக் காட்டும். எதிர்ப்பக்கமாகப் பிடித்து வந்தால் புறப்பட்ட இடம் தெரியும். இத்தனை வருஷமும் ஷெட்டில் அப்படிப் பிடித்து வந்தால் லேத்துதான். இங்கே ஒரு துளியைப் பிடித்து வந்தார். இன்னொன்றை. காலண்டரிலிருந்து ஒன்றை.

எல்லாம் நேசம்மாளிடம் வந்தன.

அவள்மேல் வந்து விழுந்தவை அல்ல. அவளிடமிருந்து போனவை.

அறை நடுவிலிருந்த கட்டிலில் விரிப்பு அவளுக்கடியில் சுருளாக முறுகிக் கிடந்தது. தலைமுடி யாரோ பிடித்து இழுத்ததுபோல வெளிப்பக்கம் நீண்டிருந்தது. கையைப் பிடித்தார். விரல் நுனியெல்லாம் கறுத்துச் சிவந்து, பழம்போல உப்பியிருந்தது. கால்விரலும் அப்படியே. வயிறு காகிதமாக வெளுத்திருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் விளிம்புக்கு ஓடியிருந்தது.

பயம் வரவில்லை. பயம் வருகிற இடம் மரத்துக் கிடந்தது. "ஏட்டி, நேசம்," என்றார். "நோவுதா?"

அவள் கண் மெல்ல வந்து அவர்மேல் நின்றது. மூச்சு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

லேத்தின் சுவிட்சை அணைக்கவில்லை.

வேகம் கடைசியில்.

எழுந்தார். அடுக்களைக்கு ஓடினார். பூட்டு. மடியில் சாவிக்கொத்து. இது இல்லை. இதுவும் இல்லை. கொத்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்தார்.

டியூப்லைட் மினுக்கியது.

முற்றத்துக்கு அப்பால் மோட்டார் முனகியது. ஏறியது. பின்னால், கட்டில் சட்டம் ஒருமுறை கிறீச்சிட்டது. திரும்பினார்.

முகம். பாதம்.

முகம். பாதம். முகம்.

ஒவ்வொரு தடவையும் அவள் கண் அவரைத் தேடிப் பிடித்தது. பிறகு பிடிக்க முடியவில்லை. வெதுவெதுப்பாக ஏதோ அவர் நெற்றியில் பட்டது, உதட்டில் பட்டது. அது பச்சை இல்லை. துடைக்கக் கை எழவில்லை. லேத்து முழுக் குரலில் ஊளையிட்டது.

முழு வேகம் பிடித்த கிண்ணம் நிற்பதுபோலத்தான் தெரியும். கட்டில்மேல் அவளும் அப்படித்தான் நின்றாள்: வட்டமாக, பளபளப்பாக, நடுவில் வெளுத்து, விளிம்பில் சிவந்து.