மேகத்துக்குள் கூப்பிட்ட பெயர்

இப்போதெல்லாம் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் ஓய்வு வேண்டுமாம். எதைச் செய்து களைத்துப்போனார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. முதுகில் மூட்டை, காலில் விலையுயர்ந்த பூட்ஸ். கடல் தாண்டி கரீபியன் தீவான டொமினிக்கா வரைக்கும் வந்து, மலையேறி, அழுகின முட்டை நாற்றமடிக்கிற கொதி ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு, வாழ்க்கை புரிந்துவிட்டது என்று போனில் எழுதுகிறார்கள்.

கிழவர் அன்செல்முக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் நகரத்தில் இருக்கிற மகள் அவரைக் கேட்காமலே பின்னறையை வாடகைக்கு விட்டுவிட்டாள். இந்த மாதம் அதில் இமோஜன் என்ற ஆங்கிலேயப் பெண் இருந்தாள்.

"ஒரு வருஷம் சும்மா சுத்த உனக்கு யாரு லீவு குடுத்தது?" என்று அன்று காலையில் கேட்டார்.

"நானே குடுத்துக்கிட்டேன், மிஸ்டர் அன்செல்ம்."

"அப்ப எனக்கும் ஒண்ணு குடு. பொறந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் சிரித்தாள். வழிகாட்டி வேண்டாம், பாதை போனில் இருக்கிறது, வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

மத்தியானத்துக்கு மேல் அவர் கொல்லையில் சேப்பங்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது முதலில் நின்றது நாற்றம். பிறந்த நாளிலிருந்து மூக்கில் இருந்த கந்தக நாற்றம், சோற்றிலும் துணியிலும் தலையணையிலும் ஊறிப்போய் ஊர்க்காரர்கள் மறந்தே போயிருந்த நாற்றம், யாரோ மூடி போட்டதுபோல நின்றது. நிமிர்ந்து பார்த்தார். மலையின் தோள்பட்டையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பெரணி மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, ஓடைச் சத்தத்தை விழுங்கி, கிளிகளின் கூச்சலைப் பாதியில் அறுத்து, சத்தமில்லாமல் வந்தது.

பக்கத்து வீட்டு ஃபிலோமின் வேலியோரம் வந்து நின்றாள். கையில் ஒரு பெரிய சங்கு.

"யோவ் அன்செல்ம், உன் வெள்ளக்காரப் பொண்ணு வந்துட்டாளா?"

"வரல."

"அப்ப நீதான் போவணும். எனக்கு முட்டி போச்சு. இந்தா, இத ஊதிக்கிட்டே போ. பேரச் சொல்லி மட்டும் கூப்பிட்டுடாத. மேகம் எறங்கின மலையில பேரச் சொன்னா, அவ மட்டுமா கேப்பா? கண்டதும் கேட்டுக்கும். அப்புறம் வர்றது யாருன்னு தெரியாது."

"உங்காத்தா ரம்மப் போட்டுட்டு சொன்ன கதை."

"குடிச்சிருந்தாலும் எங்காத்தா ஆள மாத்திக் கூட்டிட்டு வந்ததில்லய்யா."

அவர் சங்கைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

பாதை அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஆனால் அன்று கண்ணைத் திறந்திருந்தும் தெரியவில்லை. வேர்கள் ஈரத்தில் வழுக்கின. இலைகளிலிருந்து சொட்டிய நீர் கழுத்துக்குள் இறங்கியது. முகட்டுக்கு வந்ததும் சங்கை வாயில் வைத்தார். முன்பல் இல்லாத வாய். வெறும் காற்றுதான் புஸ்ஸென்று போனது. வெட்டுக்கத்தியால் பாறையைத் தட்டிப் பார்த்தார். பாசி படிந்த பாறை, சத்தத்தை அங்கேயே குடித்துவிட்டது. இரண்டு பக்கமும் பள்ளம். இருட்டினால் அந்தப் பெண் பிழைக்க மாட்டாள், அவருக்குத் தெரியும். குளிரே கொன்றுவிடும்.

"கிழவிகளுக்கு வேற வேல இல்ல" என்று முனகிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"இமோஜன்!"

மேகம் அசைந்தது மாதிரி இருந்தது.

"இமோஜன்! ஏ, இமோஜன்!"

கீழே, இடப்பக்கப் பள்ளத்தில், ரொம்பத் தூரத்தில் ஏதோ குரல் கேட்ட மாதிரி இருந்தது. காதைச் சாய்த்தார். அதற்குள், முதுகுக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு குரல்.

"இங்கதான் இருக்கேன்."

திரும்பினார். பாதையின் நடுவில் அவள் நின்றிருந்தாள். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"கூப்பிட்டா வாயத் தொறக்க மாட்டியா? எங்க போய்த் தொலைஞ்ச?"

அவள் கையைப் பிடித்தார். குளிர்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. இழுத்துக்கொண்டு இறங்கினார். வழியெல்லாம் திட்டினார். அவளை, அவள் அப்பனை, மகளை. திட்டு தீர்ந்தபோது கவனித்தார். சேற்றில் ஒரு ஜோடிக் கால் சத்தம்தான் கேட்டது. அவருடையது.

நின்றார். கை கைக்குள்தான் இருந்தது. குனிந்து பார்த்தார். அவள் பூட்ஸில் சேறு இல்லை. ஏரிக்குப் போய் வந்தவர்கள் மேல் வாரக்கணக்கில் கந்தகம் நாறும். இவளிடம் ஒரு நாற்றமும் இல்லை. வியர்வைகூட இல்லை.

"புல்லுமேலயே நடந்திருப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தார்கள். அடுக்களையில் உட்காரவைத்து, விளக்கை ஏற்றி, கீரை சூப்பும் வேகவைத்த வாழைக்காயும் வைத்தார். அவள் கரண்டியைத் தொடவில்லை. ஆவி அவள் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. கண் இமைக்கவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து கேட்டது. மெல்லிசாக. உடைந்து.

"மிஸ்டர் அன்செல்ம்! கால் ஒடஞ்சிடுச்சு! நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு! எங்க போனீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார். மேசைமுன் இருந்தவளின் உதடுகள் மட்டும் அசைந்தன. சத்தமில்லாமல். ஒரு வார்த்தை பின்தங்கி. பாடம் படிக்கிற மாதிரி.

வாசலில் ஃபிலோமின். உள்ளே பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பேரச் சொல்லிட்டியா?"

"பொண்ணு இதோ உக்காந்திருக்கு. பாரு."

"மேல கத்துறவதான்யா பொண்ணு! உசிரோட இருக்கா. வா, தூக்கிட்டு வந்துடலாம். அந்தப் பாத உன்ன விட்டா யாருக்கும் தெரியாது."

"எதிரொலி."

"எதிரொலி அழுவுமாய்யா?"

"இந்த மலை எதத்தான் செய்யாது? போடி, போய் வேலையப் பாரு."

ஃபிலோமின் அவர் கொண்டுவந்து போட்டிருந்த சங்கை எடுத்துக்கொண்டாள். நொண்டி நொண்டி மேட்டுக்கு ஏறினாள். மேகத்தின் விளிம்பில் நின்று ஊதினாள். நீளமாக, கனமாக. மேலேயிருந்து குரல் அதற்குப் பதில் சொன்னது. மறுபடி ஊதினாள். தவழ்ந்து வருகிறாள் போல, குரல் கொஞ்சம் நெருங்கிய மாதிரி இருந்தது.

அன்செல்ம் முற்றத்துக்கு வந்தார். அடுக்களைக்குள் நிற்கப் பிடிக்கவில்லை. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

ஜன்னலில் அவள். விளக்கு முதுகுக்குப் பின்னால். முகம் மலையைப் பார்த்து. வாய் திறந்தது. இன்னும் திறந்தது. தாடை நெஞ்சு வரைக்கும் இறங்கியது.

"இமோஜன்!"

அது அன்செல்மின் குரல். அதே கரகரப்பு. பல் இல்லாத அதே காற்று. அவர் வாய் மூடியிருந்தது.

"ஏ, இமோஜன்! நேரா வா! இங்கதான் நிக்கிறேன்!"

சங்கு வெறிபிடித்த மாதிரி ஊதியது.

மேலே குரல் சிரித்தது. அழுகையோடு, நிம்மதியோடு. "வந்துட்டேன், மிஸ்டர் அன்செல்ம்! வந்துட்டேன்!"

கல் ஒன்று உருண்டது. அப்புறம் நிறையக் கற்கள். ரொம்ப நேரம் உருண்டன.

சங்கு நின்றது.

ஜன்னலில் வாய் இன்னும் மூடவில்லை.

அன்செல்ம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "மழைக்காலத்துல கல்லு உருளாம பின்ன என்ன உருளும்" என்றார். ரம் கடை இருக்கிற பக்கமாக, சரிவில், கைகளைப் பையில் விட்டுக்கொண்டு இறங்கினார். பின்னாலிருந்து அவருடைய குரலே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. எதிரொலிதான். அவர் திரும்பவில்லை.