மிளகு பிடுங்கிய பிளக்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கடைசியில் இருக்கிற குட்டி, நீயும் முன்னால வா. அடைத்துப்போன ஒரு தொட்டியைப் பற்றிக் கதை சொல்றேன். மூக்கைச் சுளிக்காதீங்க. நாற்றம் கதைக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது.

ஒரு வீட்டில் மிளகு என்று ஒரு பெண் இருந்தாள். ஆள் சின்னவள், பேச்சு காரம், அதனால் மிளகு. அவள் அம்மாவுக்கு வேலை, வீடு வீடாகப் போய்க் கழிவுநீர்க் குழாய் அடைப்பை மெஷின் வைத்து எடுப்பது. அந்த மெஷினுக்குள் நீளமான சுருள் கம்பி சுற்றியிருக்கும். கால் சுவிட்சை மிதித்தால் கம்பி கிறுகிறுவென்று சுழலும். சுழலச் சுழல அம்மா அதைக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்.

ஊரார் வீட்டு அடைப்பையெல்லாம் எடுக்கிற அந்த அம்மாவின் வீட்டிலேயே ஒருநாள் பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பா ஒரு குச்சியை விட்டுக் குத்தினார். குச்சி உடைந்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. நல்ல மனுஷர்தான். ஆனால் உதவி செய்கிறேன் என்று அவர் கிளம்பினால் வீட்டில் எல்லாரும் ஓடி ஒளிவார்கள். அப்பா துணி காயப்போட மாடிக்குப் போனதும், மாமா கடைக்கு ஓடி, அடைப்பைக் கரைக்கும் மருந்து ஒரு டப்பா வாங்கிவந்து தொட்டியில் ஊற்றினார். பார்த்தது மிளகு மட்டும்தான்.

"உங்கம்மா வர்றதுக்குள்ள தண்ணி தானா இறங்கிடும். அசந்து போயிடுவா பாரு. நீ யார்கிட்டயும் சொல்லாதே," என்றார். சொல்ல மாட்டேன் என்று மிளகும் தலையாட்டிவிட்டாள்.

தண்ணீர் இறங்கவில்லை. அம்மாதான் வந்தார்.

நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு அடைப்பு. திரும்பி வந்தால் சொந்த வீட்டில் அடைப்பு. எரிச்சல் வருமா, வராதா? அம்மா மெஷினைத் தூக்கி வந்து தொட்டியை ஒட்டி வைத்தார்.

வெளியே போகிற வீடுகளில் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள். சொந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்? தரை அழுக்காகும் என்று அப்பா மெஷினைத் தள்ளி வைத்தார். தள்ளி வைத்தால் நடுவில் கம்பி வளைந்து ஆளையே சுற்றிக்கொள்ளும் என்று சொல்லி, அம்மா திரும்ப இழுத்து வைத்தார். சரி, அடியிலாவது விரிக்கலாம் என்று அப்பா பழைய துணியோடு வந்தார். சுழல்கிற இடத்தில் துணியே கூடாது என்று அம்மா அதை உருவி எறிந்தார். அதற்குள் மாமா, அக்கா கம்பியைப் பிடிக்கட்டும், நாம் மிதிப்போம் என்று கால் சுவிட்சின் மேல் காலை வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"காலை எடுடா," என்றார் அம்மா. "கம்பியைப் பிடிக்கிற கையும் சுவிட்சை மிதிக்கிற காலும் ஒரே ஆளோடதா இருக்கணும். என் கை மாட்டிக்கிச்சுன்னா உன் காலுக்கு எப்படித் தெரியும்?"

மாமா காலை எடுத்தார். எடுத்து ஒயர் மேல் வைத்தார்.

அம்மா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்டார். "உள்ள யாராச்சும் ஏதாச்சும் ஊத்தினீங்களா?"

அப்பா இல்லை என்றார். அவருக்குத் தெரிந்தவரை அது உண்மை. மாமாவும் இல்லை என்றார். சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கரண்டிகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மிளகுக்குப் பகீரென்றது. அம்மாவின் மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு. முன்பு ஒரு வீட்டில் இதே கேள்விக்கு இல்லை என்றுதான் சொன்னார்கள். சுழன்றபடி வெளியே வந்த கம்பி, உள்ளே இருந்த, தோலைப் பொசுக்கும் மருந்தை அம்மா மேல் வாரி அடித்துவிட்டது. அன்றைக்குக் கையோடு போயிற்று. இன்றைக்கு அம்மாவின் முகம் தொட்டிக்கு நேராக இருக்கிறது.

மிளகு மாமாவை முறைத்தாள். மாமா கண்ணாலேயே கெஞ்சினார். இவ்வளவு பெரிய ஆள், ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல என்ன கேடு என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவராகச் சொன்னால் திட்டோடு போகும். நான் சொன்னால் அப்புறம் அம்மா முகத்தில் எப்படி விழிப்பார் என்றும் யோசித்தாள்.

கையை உடுப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்தாள்.

கம்பியை உள்ளே விடுவதற்கு முன்னால் அம்மா எப்போதும் கால் சுவிட்சை மிதித்துச் சரிபார்ப்பார். மிதித்தார். சத்தமில்லை. மறுபடி மிதித்தார். ம்ஹூம். கரண்டு போய்விட்டதா என்று அப்பா விளக்கைப் போட்டுப் பார்த்தார். எரிந்தது. மெஷினை ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாமா என்று மாமா கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் தட்டாமல் விட்டார்.

"பிளக் என்கிட்ட இருக்கும்மா," என்றாள் மிளகு.

"விளையாடற நேரமாடி இது? கொடு."

"தரேன். மாமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவர் சொன்னதும் தரேன்."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கரண்டிகளைப் பார்த்தார். கரண்டிகள் உதவிக்கு வரவில்லை.

"கொஞ்சமா மருந்து ஊத்தினேன்க்கா. பாதி டப்பாதான்."

"மீதிப் பாதி?"

"அது அதுக்கு முன்னாடி ஊத்தினது."

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் மாமாவுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, அதில் போட்டிருந்ததை ஒரு வரி விடாமல் படித்தார். ஜன்னல்களைத் திறக்க வைத்து, எல்லாரையும் சமையலறைக்கு வெளியே நிறுத்தினார். முகத்தை முழுசாக மறைக்கும் கண்ணாடி முகமூடியையும் ரப்பர் கையுறையையும் மாட்டிக்கொண்டு, தொட்டித் தண்ணீரைச் சிந்தாமல் மொண்டு மொண்டு வாளியில் எடுத்தார். நல்ல தண்ணீர் விட்டு, அதையும் மொண்டார். எத்தனை தடவை என்று கேட்காதீங்க. நின்று நின்று மாமாவுக்குக் கால் கடுத்துவிட்டது.

பிறகு ரப்பர் உறைக்கு மேல் தோல் உறையை மாட்டிக்கொண்டு, பிளக்கை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். அப்பா சொருகிவிட்டு வெளியே ஓடிவந்தார்.

கம்பி சுழன்று உள்ளே போனது, எங்கேயோ முட்டியது, முனகியது. கொஞ்ச நேரத்தில் 'களக்' என்று ஒரு சத்தம். அடியில் மிச்சம் தேங்கியிருந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அம்மா கம்பியை மெல்ல வெளியே எடுத்தார். கடைசியில் அதன் நுனி ஒரு உதறு உதறியது. முகமூடியின் மேல் கறுப்பாகத் துளிகள் தெறித்தன, சரியாகக் கண் இருக்கும் இடத்தில்.

மாமா அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா நிறையத் தண்ணீர் விட்டுத் தொட்டியை அலசி முடித்ததும், யாரும் சொல்லாமலே போய், குவிந்துகிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தார். அந்த வீட்டில் அது பெரிய அதிசயம்.

"ஏண்டி, நேரா என்கிட்டச் சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று அம்மா மிளகைக் கேட்டார்.

"சொல்ல மாட்டேன்னு மாமாகிட்ட ஒத்துக்கிட்டேனேம்மா. பிளக்கைப் பிடுங்க மாட்டேன்னு நான் சொல்லலையே."

அம்மா தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். கையுறை இருந்த லட்சணத்தைப் பார்த்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான் கண்ணுங்களா, எழுந்திரிங்க. உங்க வீட்டுத் தொட்டியில் விழுகிற தண்ணீரெல்லாம் தேங்காமல் இறங்கட்டும். உங்க வீட்டிலிருந்து வேலைக்குப் போனவங்க எல்லாரும், போன கையோடும் போன கண்ணோடும் பத்திரமாகத் திரும்பி வரட்டும்.