தந்திகளின் மேல் ஒரு கை

செங்கல்வராயன் ஆம்பூரில் வாஹித் பாஷாவின் வீட்டுக்குப் போனபோது மதியம் மூன்று மணி. பாஷா மஞ்சள் காமாலையில் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. தெரு முழுக்கத் தோல் ஊறும் வாடை.

"கிட்டாரை எனக்குத் தர்றேன்னு பாய் சொல்லியிருந்தாரும்மா."

அது பொய்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே," என்றாள் பாஷாவின் தங்கை அக்தர் பானு. ஆனாலும் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

இருவரும் ஒரே மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர்கள். செங்கல்வராயன் ஒரு தந்தியை மீட்டினால் தொடாத தந்திகளும் சேர்ந்து அதிரும்; ஸ்பீக்கர் அந்த முனகலைப் பெரிதாக்கிப் பாட்டையே கெடுக்கும். பாஷாவோ வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பட்டும் படாமலும் தந்திகளின் மேல் வைத்திருப்பார். வேண்டாத தந்தி மூச்சு விடாது. பாடகி பூரணி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பாடுவாள். ஆறு வருடம் பக்கத்தில் நின்று அதைச் சகித்தவன் செங்கல்வராயன். பாஷா 'தோஸ்த்' என்று கூப்பிட்டுச் சொல்லித்தர வந்தபோதெல்லாம், "எனக்கே தெரியும் பாய்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாஷா படுத்துவிட்டார் என்று கேட்டதும் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தான். ஒவ்வொரு சுரமும் தனியாக, சுத்தமாக விழுந்தது. ஒரு முனகல்கூட இல்லை.

அப்புறம்தான் கவனித்தான். அவன் உள்ளங்கை தந்திகளைத் தொடவே இல்லை.

அதன் ஓரமாக, ஈரத் துணிபோல ஏதோ ஒன்று சில்லென்று படிந்திருந்தது.

பயந்தான். ஆனால் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் வாணியம்பாடியில் ஒரு கல்யாணக் கச்சேரி. மூன்றாவது பாட்டு முடிந்ததும் பூரணி அவன் பக்கம் குனிந்தாள்.

"பாயை விட நீங்க நல்லா வாசிக்கிறீங்க."

ஆறு வருடம் அவன் காத்திருந்த பேச்சு. அடுத்த பாட்டில் கிட்டார் தனியாக ஒலிக்கவேண்டிய இடம் வந்தது. தந்தியைத் தட்டினான்.

டப்.

மரத்தைத் தட்டியதுபோல் இருந்தது. வேறு தந்தி. அதுவும் அப்படியே.

ஆறு தந்திகளும் செத்துக் கிடந்தன.

ஓங்கி அடித்தான். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. கூட்டம் சிரித்தது. பூரணி பாட்டை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"பொய்தான் சொன்னேன் பாய்," என்று முணுமுணுத்தான். "கையை எடுங்க."

பிடரிக்குப் பின்னாலிருந்து தோல் ஊறும் வாடை வீசியது.

"நீ எடு, தோஸ்த்."

மறுநாள் காலை கிட்டாரைக் கொண்டுபோய் அக்தர் பானுவிடம் கொடுத்து, உண்மையைச் சொன்னான். அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மனம் லேசாகிச் சைக்கிளில் ஏறினான். சந்து முனையில் ஒரு கிழவர் குறுக்கே வரவும் மணியை அழுத்தினான்.

'டிங்' என்று எழுந்த ஒலி, யாரோ அதன்மேல் உள்ளங்கையை வைத்ததுபோல, பாதியிலேயே அடங்கியது.