சுலைஹா சொன்ன வசனம்

எர்ணாகுளத்துப் படகு மட்டாஞ்சேரித் துறையில் ஒட்டியபோது பகல் மூன்று மணிதான். ஆனால் ஜூன் மாத மழை அந்தப் பகலை அந்தியாக்கி வைத்திருந்தது. ராமபத்ரன் கதைக் கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சுக்கும் மிளகும் நெடியடிக்கும் கிடங்குத் தெருவில் நடந்தான். ஆறு வருடம் உதவி இயக்குநராக அலைந்தவனுக்கு இது முதல் படம். பாக்கியலக்ஷ்மி நடித்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று தயாரிப்பாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் சினிமாவை விட்டு வந்து பன்னிரண்டு வருடமாகிறது.

ஒரு பழைய இஞ்சிக் கிடங்கின் மாடியில்தான் அவள் வீடு. கீழே குடியிருந்த பத்ருன்னிசா மரப்படியைக் காட்டினாள்.

"மேலதான் சேட்டா. பாக்கியம்மா சாயா குடிக்கிற நேரம். ஒரு காரியம் மட்டும்... மழை பெலத்தா அங்க இருக்க வேண்டா. எறங்கி வந்துருங்க."

"ஏன்?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாடியில் கால் வைத்ததுமே ஏதோ குறைவதாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டில் கதவுகளே இல்லை. வெறும் நிலைகள் நின்றன. கீல் பிடுங்கிய இடங்களில் துருக்கறை. கூடத்திலிருந்து பார்த்தால் உள்ளறை முழுவதும் தெரிந்தது. ஒரு பாய், ஒரு தலையணை. வேறொன்றுமில்லை.

திரையில் ராணியாக அதட்டியவள், வெளுத்த வாயில் புடவையில் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாசிங்க தம்பி."

கதை அவளுடையதுதான். எப்போதோ ஒரு வாரப் பத்திரிகைப் பேட்டியில் அவள் சொன்னது. யுத்த காலம். ஒரு நாடகக் கம்பெனி கொச்சியில் மாட்டிக்கொள்கிறது. அரிசி இல்லை, ஊரெல்லாம் காலரா. ராஜபார்ட் போடும் சுலைஹாவும் ஸ்திரீபார்ட் போடும் பாக்கியமும் ஒரே தட்டில் கப்பைக்கிழங்கு தின்று வளர்ந்த சிநேகிதிகள். சுலைஹா நோயில் விழுகிறாள். முப்பத்தைந்து வருடம் கழித்து, முதிர்ந்த பாக்கியம் அதை நினைத்துப் பார்க்கிறாள். அந்த முதிய வேடத்துக்குத்தான் அவன் வந்திருந்தான்.

பிரிகிற காட்சிக்கு வந்தான். "நீ போ பாக்கியம். நான் சொகமாகிப் பின்னாலேயே வர்றேன்."

கிழவி கையை உயர்த்தினாள்.

"அவ அப்படிச் சொல்லலை."

"நீங்க பேட்டியில சொன்னதுதானேம்மா?"

"பொய் சொன்னேன்."

ஓட்டின் மேல் மழை வலுத்தது.

"மெட்ராஸ்ல சினிமாவுக்குக் கூப்பிட்டு ஆள் வந்திருந்தது. படகு காத்துட்டு நின்னுது. கம்பெனி அப்ப இந்த மாடியிலதான் தங்கியிருந்தது. அவ அந்த உள்ளறையிலதான் கெடந்தா, ரெண்டு நாளா வாந்தியும் பேதியுமா. போகாதேன்னா. எந்திரிக்க முடியாம தரையோட ஊர்ந்து வந்து என் தலைப்பைப் பிடிச்சா. உதறிட்டு வெளிய வந்து கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன் தம்பி. படகு வரைக்கும் வந்துருவாளோன்னு பயம். மூணு நாள் கழிச்சு யாரோ கதவை உடைச்சாங்களாம்."

ராமபத்ரன் கையிலிருந்த தாளை மடித்தான்.

டொக்.

மரத்தில் விரல் முட்டும் ஒலி.

அவன் சுற்றிலும் பார்த்தான். தட்டுவதற்கு அந்த மாடியில் கதவே கிடையாது.

டொக். டொக்.

உள்ளறையின் வெற்று நிலையிலிருந்துதான் வந்தது. ஆள் உயரத்திலிருந்து அல்ல. முழங்காலுக்கும் கீழே, தரையில் கிடப்பவரின் கை எட்டும் உயரத்திலிருந்து.

மிளகு நெடி சட்டென்று அற்றுப்போயிற்று. பிளீச்சிங் பவுடரும் புளித்த வாந்தியும் கலந்த வாடை கூடத்தை நிறைத்தது.

"கதவையெல்லாம் நான்தான் கழற்றிப் போட்டேன்," என்றாள் பாக்கியலக்ஷ்மி மெல்ல. "இந்த வீட்டை வாங்கின முதல் வாரமே. அவ வெளிய வரட்டும்னு. ஆனா அவளுக்கு இன்னும் சாத்தித்தான் இருக்கு."

ஓடிவிடத்தான் தோன்றியது அவனுக்கு. ஆனால் அவளை அங்கே விட்டுப் போக மனம் வரவில்லை.

"மெட்ராஸுக்கு வந்துடுங்கம்மா," என்றான். "உள்ளதை உள்ளபடியே எழுதறேன்."

"நெசமாவா?" ஒரு கணம் அந்த முகத்தில் பழைய நடிகை வந்து நின்றாள். "அப்ப நான் நடிக்கிறேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

நிலையின் முன் மண்டியிட்டாள்.

"சுலைஹா, ஒரு மாசம்தான்டி. உன் கதையைச் சொல்லத்தான் போறேன். போயிட்டு வரட்டுமா?"

தட்டல் நின்றது.

மழையும் நின்றுவிட்டாற்போலிருந்தது.

"போகாதே, பாக்கியம்."

வறண்ட தொண்டை. சின்னப் பெண்ணின் குரல்.

கிழவி உடைந்து அழுதாள். "பாருங்க தம்பி, அவளுக்கு இன்னும் பத்தொன்பது வயசுதான்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நிலையைத் தாண்டி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

"போகலைடி. இந்தத் தடவை போகலை."

அவனைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "வேற யாரையாவது போட்டுக்குங்க. வசனத்தை மட்டும் மாத்திடுங்க தம்பி."

அவன் மாற்றி எழுதினான். பாக்கியலக்ஷ்மியும் இல்லை, சிநேகிதியை விட்டுவிட்டு ஓடுகிற கதாநாயகியை யாரும் பார்க்கவும் மாட்டார்கள் என்று தயாரிப்பாளர் கைவிட்டார். படம் நின்றுபோனது.

ஐப்பசியில் பாக்கியலக்ஷ்மி இறந்த செய்தி பத்திரிகையில் நாலு வரியாக வந்தது. ராமபத்ரன் ரயிலேறிப் போனபோது எல்லாம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. பத்ருன்னிசா மரப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் சேட்டா குளிப்பாட்டினேன். சொந்தம்னு யாரு இருக்கா? பாயில ஒரு ஓரமா, இன்னொரு ஆளுக்கு இடம் விட்டுப் படுத்திருந்தாங்க. வலது கையை மடக்கப் பார்த்தேன், மடங்கலை. விரலெல்லாம் விரிஞ்சு நின்னுச்சு. ரெண்டு பேர் கை கோத்துட்டு நடப்பமில்லே, அது மாதிரி."

 தன் உள்ளங்கையை மெல்லக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"மேலெல்லாம் ஐஸ். அந்தக் கை மட்டும் சூடா இருந்துச்சு சேட்டா. சுடுகாட்டுக்கு எடுக்கிற வரைக்கும் ஆறவே இல்லை."