ஒருமனதான தீர்மானம்

காலை ஆறரை மணிக்கு இசக்கியப்பனின் தோழன் இயந்திரம் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. செவ்வாய்க் கிரகத்தின் தென்பள்ளக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவர் கண்டுகொள்ளாமல் பல் துலக்கினார்.

தோழனை அனுப்பிய உறவகம் பாதி தொண்டு நிறுவனம், பாதி வியாபாரம். அதனால் தோழனின் தலைக்குள் இரண்டு மூளைகள். தனியாக இருப்பவருக்கு மனிதத் துணை தேடித் தருவது தொண்டுமூளையின் வேலை. துணை கிடைத்த ஜோரில் அவர் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்வது வணிகமூளையின் வேலை. இரண்டும் சேர்ந்து உருப்படியாக ஒன்றைச் செய்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்தச் சண்டை எதிர்வீட்டில் வசிக்கும் பெண்ணைப் பற்றி. நீர்க்குழாய்களைப் பராமரிக்கும் இசக்கியப்பன் நான்கு வருடமாக எந்த மனிதரோடும் உட்கார்ந்து பேசியதில்லை. எதிர்ச் சன்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். அது எரியாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. தோழன் அனுமதிக்காமல் அங்கே யாரும் யாரையும் சந்திக்க முடியாது. அவளோடு ஒரு தடவை பேச வேண்டும் என்று தோழனிடம் மனுக் கொடுத்துப் பதினோரு நாள் ஆகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் சமரசம் ஆயிற்று. ஒரு மணி நேரம் சந்திக்கலாம். தோழன் கூட வராது. பெயர், ஊர் எதையும் முன்கூட்டிச் சொல்லாது. அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதனால் பேச்சு வளரும் என்று தொண்டுமூளை நம்பியது. பேச்சே எழாது என்று வணிகமூளை நம்பியது.

இசக்கியப்பன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"மனுசங்ககிட்டப் பேசுற சொகமே தனிடே. குழாய் உறைஞ்சது, நான் ஒத்தையில சரிபண்ணுனது, ஆபீசர் என்னைய மதிக்காதது, எல்லாத்தையும் சொன்னேன். ஒரு வார்த்தை குறுக்க பேசலயே அவ."

"அவங்க பேரு என்ன?" என்று ஆவலாகக் கேட்டது தொண்டுமூளை.

இசக்கியப்பன் அதைக் கேட்கவே இல்லை. அவள் நாலைந்து தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தது இப்போதுதான் உறைத்தது. நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த மணி நேரத்தையும் தனியாகவே கழித்துவிட்டு வந்திருக்கிறார். இன்னொரு தடவை அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சினார்.

முதலில் பதில் சொன்னது வணிகமூளைதான்.

"தாராளமாப் போகட்டும். தினமும் போகட்டும். எனக்கு இனிமே ஒரு பயமும் இல்ல."

உறவகம் தொடங்கி நாற்பது வருடத்தில், இரண்டு மூளைகளும் சண்டையில்லாமல் நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது.