வேகாத மை

முதல் கறை ஒரு பொட்டு அளவுதான் இருந்தது. பளபளக்கும் வெள்ளிக் கோடுகளுக்கு நடுவே அந்த இடத்தில் மட்டும் மை பழுப்பாகவே கிடந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது.

அச்சடித்த பிளாஸ்டிக் ஃபிலிம் விளக்குப் பெட்டிக்கு அடியில் ஊர்ந்து வரும். கண்ணை இமைப்பதற்குள் விளக்கு ஒருமுறை மின்னும். ஃபிலிம் உருகுவதற்குள் மேலே இருக்கும் வெள்ளி மை வெந்து, மின்சாரம் ஓடுகிற கோடாகிவிடும். ஆறு வருடமாக அவள் பார்க்கிற வேலை இது. மை வேகவில்லை என்றால், விளக்குக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஏதோ மறைக்கிறது என்று அர்த்தம்.

ஜன்னல் இல்லாத அந்த அறையில், விளக்குக்காக மின்சாரம் தேங்கும்போது எழும் மெல்லிய ஊளை, பிறகு ஒரு 'டப்', பிறகு சூடான பிளாஸ்டிக் வாசனை, மறுபடி ஊளை என்று பழகிப் பழகிக் காதிலேயே விழாமல் போயிருந்த அந்த வரிசை, இன்று காலையிலிருந்து அவளை ஓரிடத்தில் நிற்க விடவில்லை. விளக்குக்கு அடியில் இருக்கும் கண்ணாடியைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த மீட்டரில் நான்கு கறைகள். அதற்கடுத்து விரல்கள். பிறகு முழுக் கை. ஆள்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்றது.

மோட்டார் பெல்ட்டில் சிக்கிப் பாதி போன வலது கை விரல் அது. அவள் கணவனுடையது. இங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவனை எல்லோரும் 'ஒன்பதரை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இயந்திரத்தை அணைத்துவிட்டுப் போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"கேன்டீன்ல. ஏன்?"

"கை நல்லா இருக்கா?"

"ஒன்பதரையும் பத்திரமா இருக்கு. என்னாச்சு உனக்கு?"

சொன்னாள். அவன் சிரித்தான். "கண்ணாடியில ஏதாவது ஒட்டியிருக்கும். இரு, வந்து பாக்கறேன்."

"வேண்டாங்க. வராதீங்க."

அவள் சொல்லி என்றைக்குக் கேட்டிருக்கிறான். இரண்டே நிமிடத்தில் வந்தான், பெட்டிக் கதவைத் திறந்தான், வலது கையை உள்ளே விட்டான். கதவைத் திறந்தால் தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். அவனே பொருத்திய பாதுகாப்பு. ஆனால் ஃபிலிம் சிக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து, மூடி, மறுபடி காத்திருக்கச் சலித்துப்போய், காலையில்தான் அவள் கதவு சுவிட்சில் ஒரு காந்தத்தை ஒட்டி வைத்திருந்தாள். கதவு மூடியே இருப்பதாக இயந்திரம் நினைத்துக்கொள்ளும். திட்டுவான் என்று அவனிடம் சொல்லவில்லை.

இயந்திரத்தை அணைத்திருந்தும் ஊளை அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது.

"கையை எடுங்க."

டப்.

வெள்ளை. பிறகு இருட்டு.

"ஒண்ணும் ஆகலை." அவன் குரல். பக்கத்தில். நிதானமாக.

அவள் அழுதுவிட்டாள். காந்தம் வைத்தது நான்தான், மன்னிச்சிடுங்க என்று உளறினாள். பார்வை மெல்லத் திரும்பியது. அணைத்து வைத்த இயந்திரத்தில் ஃபிலிம் நகர்ந்துகொண்டிருந்தது.

பழுப்பாக ஒரு கை. அடுத்ததில், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அழுத்துவதுபோல் விரிந்த உள்ளங்கை. அடுத்ததில் இறுக மூடிய முஷ்டி. மறுபடி விரிந்த கை. பாதி விரலோடு.

"போதும், பாக்காத," என்று வலது கையை அவள் தோளில் வைத்தான். இதமாகச் சூடாக இருந்தது.

அவள் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் தாழ்த்தி எண்ணினாள்.

ஐந்து விரலும் முழுசாக இருந்தன.